கேரவனிலேயே குடியிருக்க முடியுமா? டர்பன் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு நானும் என் கணவரும் கேரவனுக்கு (வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் வீட்டுக்கு) குடிபோய் ஆறு வருடமாகிறது. கோயிலில், கல்யாண மண்டபத்தில், சில சமயம் கருமாதி வீட்டில்கூட யாராவது என்னை ஓரமாக அழைத்துப் போய், "அக்கா, உண்மையைச் சொல்லுங்கள், அதில் வாழ முடிகிறதா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள், மீதி வாடகை கொடுத்துச் சலித்த இளம் தம்பதிகள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதிவிட்டேன். குவாசுலு-நேட்டால் கரையோரமும் டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரமும்தான் நாங்கள் பழகிய பூமி. கேப் பக்கத்துக் குளிர்கால மழையும் காற்றும் வேறு கதை.

கேரவன் வாங்கலாமா, மோட்டார்ஹோம் வாங்கலாமா?

குடியிருப்பதற்கு என்றால் கேரவன். ஊர் சுற்றுவதற்கு, எஞ்சினோடு தானே ஓடும் மோட்டார்ஹோம் மிகவும் சௌகரியம், மறுக்கவில்லை. ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து எழுந்து நாலடி வைத்தால் சமையலறை. ஆனால் அதையே வீடாக்கிக்கொண்டால், பால் தீர்ந்துபோன காலையிலும் பாத்திரங்களை அடுக்கி, அலமாரிகளைப் பூட்டி, மின்கம்பியைக் கழற்றி முழு வீட்டையும் கடைக்கு ஓட்டிப் போக வேண்டும். எஞ்சின் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் உங்கள் கட்டிலும் அங்கேதான் நிற்கும். கேரவனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் பக்கியில் (திறந்த பின்பக்கம் உள்ள சிறு வண்டியை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்) கடைக்கும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் போய்வரலாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். போன வருடம் நாங்கள் கேரவனை இழுத்துக்கொண்டு சாலையில் இருந்தது மொத்தம் பதினேழு நாள். மற்ற நாளெல்லாம் நின்றோம். இந்த வாழ்க்கை என்றாலே சதா ஓடிக்கொண்டிருப்பது என்று நினைத்து வண்டி வாங்குகிறவர்கள்தான் ஒரு வருடத்துக்குள் விற்றுவிடுகிறார்கள். நிற்கும் நாட்களை நினைத்து வாங்குங்கள்.

என்னிடம் உள்ள டிரைவிங் லைசென்ஸ் போதுமா?

அட்டையை எடுத்துப் பாருங்கள். 'பி' என்று மட்டும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லரைத்தான் இழுக்கலாம். குடியிருக்கத் தகுந்த கேரவன் ஏதும் அந்த எடைக்குள் வராது. உங்களுக்கு வேண்டியது 'ஈபி'. பழைய 08 லைசென்ஸ் எடுத்த பெரியவர்கள் பலருடைய அட்டையில் அது ஏற்கெனவே ஈபி ஆகத்தான் இருக்கும். பிள்ளைகளுடையதில்தான் பி மட்டும் இருக்கும். மோட்டார்ஹோம் 3,500 கிலோவைத் தாண்டினால் 'சி1' வேண்டும். தகுந்த லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேரவன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஈரத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் இரண்டாவது.

ஜர்கன்ஸ், ஸ்பிரைட், ஜிப்சி என்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பழைய கேரவன்களின் சுவர், மெல்லிய தகடும் மரச்சட்டமும் சேர்ந்தது. ஜன்னல் ஓரத்திலோ கூரை மூட்டிலோ சீலன்ட் வெடித்து மழைநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரம் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். நாங்கள் இப்போது இருக்கும் கேரவனை வாங்குவதற்கு முன் நான்கு கேரவன் பார்த்தோம். மூன்றாவது ஒன்று, புத்தம்புதுத் திரைச்சீலையும் மெத்தையும் போட்டு மணமகள் மாதிரி நின்றது. பின்பக்க ஜன்னலுக்குக் கீழே, மெத்தையை நகர்த்திவிட்டு, மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஊறிய பிஸ்கட்டில் விரல் இறங்குவது போல உள்ளே போயிற்று. மேலே ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் மட்டும் கிழியாமல் விரலோடு உள்ளே வந்தது. விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசாமல் வந்துவிட்டோம்.

ஆகவே, திரைச்சீலைக்குப் பின்னால் பாருங்கள். எல்லா மூலைகளையும் விரலால் அழுத்துங்கள். தரையில் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள், குழைந்து கொடுத்தால் வேண்டாம். மூடியிருக்கும் அலமாரியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் வாசனை எந்தச் சான்றிதழையும்விட நேர்மையானது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

டயரில் பட்டை நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். கேரவன் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

பத்திரம் இல்லாத வண்டியைத் தொடவே தொடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு, வண்டி சாலையில் ஓடத் தகுந்தது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். அது 60 நாளுக்குத்தான் செல்லும். கைமாறிய 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்துவிட வேண்டும்.

எவ்வளவு சாமான் ஏற்றலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி.

கேரவனின் தகட்டில் வெறும் எடை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் உங்கள் குடும்பம். பல கேரவன்களில் அது ஓரிரு நூறு கிலோதான். கூடாரம், கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர் எல்லாம் அதிலேயே அடங்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். இழுக்கும் வண்டிக்கும் விதி உண்டு: தானாக அழுந்தும் பிரேக் உள்ள, 3,500 கிலோ வரையிலான கேரவனின் மொத்த எடை, இழுக்கும் வண்டியின் வெறும் எடையைத் தாண்டக் கூடாது.

எங்கள் விஷயத்தில் தகராறு ஓர் அம்மியால் வந்தது. என் கணவருடைய பாட்டி டோங்காட் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் அரைத்த அம்மி, குழவியோடு 31 கிலோ. அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. முன்பக்கப் பெட்டியில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினோம். இழுக்கும் வண்டியின் பின்னால், கொக்கி மாட்டும் குண்டின் மேல் கேரவனின் மூக்கு எவ்வளவு பாரம் அழுத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பல வண்டிகளில் அது 100 கிலோ. அம்மியோடு எங்களுடையது வரம்பைத் தாண்டிவிட்டது. என்3 நெடுஞ்சாலையில் முன்சக்கரங்கள் சாலையைச் சரியாகப் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் லேசாகிப்போயிற்று. பயந்துபோய் அம்மியைப் பின்பக்கப் பெட்டிக்கு மாற்றினோம். அது அதைவிட மோசம். பின்பாரம் கூடியதும் வான் ரீனன் மலை இறக்கத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கியது. அப்படி ஆடும்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானே குறைய விட வேண்டும். அவர் அப்படித்தான் செய்தார். அந்தப் பத்துப் பதினைந்து நொடிகள் எனக்கு இன்றும் கனவில் வருகின்றன.

கனமான பொருள் எதுவானாலும் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். குடிபோவதற்கு முன் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை எடை மேடைக்குப் போய் நிறுத்துப் பாருங்கள். அம்மி இப்போது மகள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. தீபாவளிக்குப் போகும்போது அரைத்துக்கொள்கிறோம்.

எங்கே நிற்பது?

எல்லாக் கேள்வியிலும் பெரியது இதுதான்.

சாலையோரத்திலோ, ஆளில்லாத கடற்கரை வாகன நிறுத்தத்திலோ இரவு தங்குவது நம் நாட்டில் பாதுகாப்பானதல்ல. அதைச் செய்யாதீர்கள். வேலியும் வாயிற்காவலும் உள்ள கேரவன் பூங்காதான் வழி. தென்கரையில் ஸ்காட்பர்க், மார்கேட் பக்கம், வடகரையில் பலிட்டோ, செயின்ட் லூசியா பக்கம், உள்நாட்டில் மிட்மார் அணை, அண்டர்பர்க் பக்கம் என்று இடங்கள் இருக்கின்றன. சில பூங்காக்கள் நீண்ட நாள் தங்கவே விடமாட்டா. சில பூங்காக்களில் மாத வாடகை உண்டு, தினக் கட்டணத்தைவிட வெகு மலிவு. அதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும். டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் ஈஸ்டரிலும் கட்டணம் ஏறும், இடமும் கிடைக்காது. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரைக்கு வரும்போது தென்கரை மீன்பிடிக்கிறவர்களால் நிரம்பும். அந்த நாட்களை ஒரு வருடம் முன்னதாகவே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு நாங்கள் இடத்தைக் காலி செய்துவிடுகிறோம். எப்படியும் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வர வேண்டும், உறவுக்காரர் வீட்டில் படுத்துக்கொள்கிறோம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பின்மாலை வெயில் எந்தச் சுவரில் அடிக்கும்? மேலே காய்ந்த கிளை ஏதாவது தொங்குகிறதா? ஆற்றங்கரையில், தாழ்வான புல்வெளியில், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காதீர்கள். 2022 ஏப்ரலில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிற்றோடை என்று நாம் தாண்டிப்போகும் நீர் ஒரே இரவில் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் பார்த்தோம். மேட்டில் நில்லுங்கள், நடை கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை.

நிறுத்தியதும் முதல் வேலை ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. சமையல் மேடையில் வையுங்கள், குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. குறுக்கே சாய்ந்திருந்தால் தாழ்ந்த சக்கரத்தின் கீழே பலகை கொடுங்கள். நெடுக்கே சாய்ந்திருந்தால் கேரவனின் மூக்கின் கீழே உள்ள சிறு சக்கரத்தை ஏற்றி இறக்குங்கள். மூலைத் தாங்கிகள் ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான், பாரத்தைத் தூக்குவதற்கு அல்ல. அவற்றைத் திருகி மட்டம் பண்ணினால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் போகும். மட்டமில்லாவிட்டால் கேஸில் ஓடும் குளிர்பெட்டி குளிராது, எண்ணெய் தோசைக்கல்லின் ஒரு பக்கம் தேங்கும், தலைக்கு ரத்தம் இறங்கித் தூக்கம் கெடும்.

இதைச் சொல்லும்போது அப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மீன்பிடிக்கும் மனிதர், வார இறுதி வந்தால் தூண்டிலோடு தென்கரைக்குப் போவார். 1953ஆம் வருடத்துத் தனி வசதிகள் சட்டம் கடற்கரையையும் பூங்காவையும் உட்காரும் பெஞ்சையும் நிறத்தால் பிரித்து வைத்திருந்த காலம். 1990இல்தான் அது நீக்கப்பட்டது. வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை மாட்டிய கேரவன் பூங்காவின் வேலிக்கு வெளியே, லாரியில் தார்ப்பாய் கட்டி நாங்கள் தூங்கியிருக்கிறோம். கம்பி வழியே உள்ளே எரியும் விளக்குகளை அப்பா எண்ணிக்கொண்டிருப்பார். "பதினொரு வண்டி, தண்ணீர்க் குழாய் இரண்டு," என்பார். குழாயைத்தான் அவர் எண்ணினார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. கடலைப் பார்த்த முதல் வரிசையில் இடம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும், குழாய் எத்தனை அடியில் இருக்கிறது என்று நானும் எண்ணுகிறேன்.

மகன் வீட்டு வளவில் நிறுத்திக் குடியிருக்கலாமா?

நிறுத்தி வைப்பது வேறு, குடியிருப்பது வேறு. நகராட்சி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருமகளிடம் எல்லாருக்கும் முன்னால் கேளுங்கள்.

மின்சாரம் எப்படி?

பூங்காவில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கம்பம், அதில் நீலநிறப் பிளக் மாட்டும் துளை இருக்கும். அது 16 ஆம்பியர், 230 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 3,680 வாட். கெட்டில் ஒன்றுக்கே 2,000 வாட் போகும், ஹீட்டருக்கு 1,500. மூன்றாவதாக அயர்ன்பாக்ஸைப் போட்டால் பிரேக்கர் விழும். பழைய பூங்காக்களில் 10 ஆம்பியர் பிரேக்கரே இருப்பதும் உண்டு. எது ஓடும்போது எதை நிறுத்துவது என்று வீட்டில் இருவருக்கும் மனப்பாடமாகிவிட வேண்டும். நீட்டிப்புக் கம்பியை உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தாதீர்கள், சூடேறி உருகும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். கேரவனுக்குள் உள்ள எர்த் லீக்கேஜ் சுவிட்சின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்துவது) சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

2022, 2023இல் மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போன காலத்தில் கேரவனில் இருந்த நாங்கள்தான் வெளிச்சத்தில் இருந்தோம், காரணம் பேட்டரி. சாதாரண ஈய பேட்டரி 100 ஆம்பியர்-மணி என்றால் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் பேட்டரியில் பெரும்பகுதியையும் எடுக்கலாம். விலை அதிகம், ஆனால் எடை பாதிக்கும் குறைவு. அம்மிக் கதையைப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கூரையில் 200 வாட் சோலார் தகடு ஒன்று இருந்தால், வெயில் நன்றாக அடிக்கும் நாளில் சிறிய கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்கும் விளக்குகளுக்கும் போன் சார்ஜுக்கும் தாராளமாகக் காணும்.

தாளிப்பு, மீன் குழம்பு, பிரியாணி எல்லாம் உள்ளே செய்ய முடியுமா?

முடியும், ஆனால் மூன்று நாள் மெத்தையில் மணக்கும். கேரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரத்தில் ஒரு மேஜை, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, காற்றுத் தடுப்பு. நம் சமையலுக்கு இதுதான் சரி. உள்ளே டீயும் உப்புமாவும் போதும். மஞ்சள்தூள் டப்பாவை இறுக மூடி இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். மலைப்பாதையில் அது ஒருமுறை திறந்துகொண்டது, எங்கள் தலையணை உறைகள் இன்றும் மஞ்சள்தான்.

9 கிலோ சிலிண்டர் எங்கள் இருவருக்குச் சமையலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருந்தால் அன்றே மாற்றுங்கள். கேரவனின் கீழ்ப்பகுதியில் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் ஜூலை இரவு (இங்கே அது குளிர்காலம்) உறைநிலைக்குக் கீழே போகும். பிராய் அடுப்பில் (வெளியே இறைச்சி சுடும் கரியடுப்பில்) மிச்சமிருக்கும் கங்கை வாளியில் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, புகையில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இன்னொரு கம்பளி வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள்.

புரட்டாசிக்கு என்ன செய்கிறீர்கள்?

சைவப் பாத்திரங்கள் தனியாக ஒரு பெட்டியில் இருக்கின்றன: ஒரு குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு. பூங்காவின் பொது பிராய் மேடையைப் பயன்படுத்துவதில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் சொந்த அடுப்புதான்.

உள்ளே விளக்கு ஏற்றலாமா?

திரைச்சீலை, மெத்தை, மெல்லிய பலகை என்று எல்லாமே பற்றிக்கொள்ளும் பொருள்தான். நாங்கள் காமாட்சி விளக்கை ஈயத் தட்டில் மணல் பரப்பி அதன்மேல் வைக்கிறோம். வாசற்படிக்கு வெளியே, காற்று படாத பக்கத்தில் ஏற்றி, குளிரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். சாமி படம் உள்ளே, கிழக்குப் பார்த்த அலமாரியில். கற்பூரம் வெளியேதான். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். அடுப்பு எரியும்போது அதைத் தாண்டிக் கையை நீட்ட முடியாது.

தண்ணீர், கழிப்பறை?

குடிதண்ணீருக்கு 25 லிட்டர் கேன் இரண்டு, தனியாக அடையாளம் போட்டு வைத்திருக்கிறோம். பூங்காக் குழாய் ஆழ்துளைத் தண்ணீரா, நகராட்சித் தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயில் வெயிலில் கிடந்த முதல் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதைச் செடிக்கு விடுங்கள்.

குளியல், கழிப்பறைக்குப் பூங்காவின் பொதுக் கட்டடம் இருக்கும். இடம் பிடிப்பதற்கு முன் அதற்குள் போய்ப் பாருங்கள், அது சுத்தமாக இருந்தால் பூங்காவும் சுத்தம். இரவுக்கும் மழைக்கும் முழங்கால் வலிக்கும் உள்ளே ஒரு கையடக்கக் கழிப்பறை அவசியம். அதன் அடித்தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புல்லில் ஓட விடாமல் வாளியில் பிடித்துக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எறும்பைக் கூப்பிடும், எறும்பு வந்தால் பக்கத்து இடத்துக்காரர் முகம் மாறும்.

டர்பன் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காதா?

பிடிக்கும். இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சு விட்டாலே காலையில் ஜன்னலில் தண்ணீர் நிற்கும். கூரைத் துளையை இரவிலும் கொஞ்சம் திறந்து வையுங்கள், மெத்தையை வாரம் ஒருமுறை நிமிர்த்தி வையுங்கள், ஈரத் துணியை உள்ளே காயப்போடாதீர்கள். கடலோரம் நின்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். அடிச்சட்டத்தையும் கொக்கியையும் மாதமொருமுறை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மருந்தை எப்படிச் சமாளிப்பது?

நம் சமூகத்தில் இந்த நோய் இல்லாத வீடு அரிது, எங்கள் வீட்டிலும் உண்டு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அது வீண், இளகினாலும் பயன்படுத்தக் கூடாது. கேஸ் குளிர்பெட்டியில் குளிர் ஏறி இறங்கும். அதனால் தகடுகளை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில், சின்ன வெப்பமானியோடு வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனா வெளியே சில வாரம் தாங்கும், ஆனால் டர்பன் ஜனவரியில் மூடிய கேரவனுக்குள் 30 டிகிரி சுலபமாகத் தாண்டும். மண்பானை மாதிரி ஈரத்தால் குளிரும் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரசு கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர்கள், நிலையாக வாங்கும் மருந்தை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் சேர முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

வடக்கே மொசாம்பிக் எல்லைப் பக்கம் போகிறவர்கள் செப்டம்பர் முதல் மே வரை மலேரியாவை நினைவில் வைக்க வேண்டும். போகும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

முகவரி என்று கேட்டால் என்ன கொடுப்பது?

வங்கி, சிம்கார்டு, வண்டிப் பதிவு என்று எல்லாரும் முகவரிச் சான்று கேட்பார்கள். வங்கிகள் பொதுவாக மூன்று மாதத்துக்குட்பட்ட தாளைக் கேட்கும். நாங்கள் மகள் வீட்டு முகவரியை வைத்திருக்கிறோம், அவளுக்குத் தெரிந்து, அவளுடைய சம்மதக் கடிதத்தோடு. முகவரி தருகிறவருக்கு இது ஒரு பொறுப்பு, கடன்காரன் கடிதமும் அவர் வாசலுக்குத்தான் வரும். லேசாக எண்ணிக் கேட்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் கேரவனிலேயே குடியிருக்கிறோம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். விடுமுறைக்குப் பயன்படுத்தும் வண்டி என்று நினைத்து அவர்கள் போட்ட ஒப்பந்தம் தேவை வரும் நாளில் கைவிட்டுவிடும்.

குரங்குத் தொல்லை?

உண்டு. கரையோரப் பூங்காக்களில் வெர்வெட் குரங்குகள் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கக் கற்று வைத்திருக்கின்றன. வாழைப்பழம் கண்ணில் படக் கூடாது, ரொட்டி டப்பாவுக்குப் பூட்டு வேண்டும். தயவுசெய்து தீனி போடாதீர்கள். செயின்ட் லூசியாவில் இரவில் நீர்யானைகள் தெருவிலேயே மேய வரும். இருட்டியபின் குளியலறைக்குப் போவதென்றால் டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குங்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

வீட்டு வாடகையைவிட மலிவா?

மாத வாடகைக்கு இடம் கிடைத்து, அடிக்கடி நகராமல் இருந்தால் மலிவு. ஓடினால் இல்லை. இழுக்கும்போது பெட்ரோல் செலவு எங்களுக்கு ஒன்றரை மடங்காகிறது. மறைந்திருக்கும் செலவுகள்: டயர், பேட்டரி, சக்கர பேரிங், கூடாரத் துணி. இவை வரும்போது ஒன்றாக வரும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் தனியாக இல்லாமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

இருவருக்கும் மனத்தாங்கல் வந்தால் எங்கே போவது?

எழுந்து நடக்க ஐந்து மீட்டர்தான். எங்கள் முதல் வருடம் கஷ்டமாக இருந்தது. அவருக்கு ரேடியோ வேண்டும், எனக்கு அமைதி வேண்டும். இப்போது காலை ஆறிலிருந்து எட்டுவரை கூடாரம் அவருடையது, உள்ளே என்னுடையது. எட்டு மணிக்கு நான் டீயோடு வெளியே வருவேன், அதற்குமுன் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. இது சின்ன ஏற்பாடாகத் தெரியலாம். இது இல்லாதிருந்தால் நாங்கள் சாட்ஸ்வர்த்துக்குத் திரும்பியிருப்போம்.

சொந்தபந்தம் விட்டுப்போகாதா?

நீங்கள் விட்டால்தான் போகும். தைப்பூசத்துக்கு, தீபாவளிக்கு, கல்யாணம் கருமாதிக்கு இரண்டு மணி நேரத்தில் டர்பன் போய்ச் சேரக்கூடிய தூரத்திலேயே பெரும்பாலும் நிற்கிறோம். பேரன் சனிக்கிழமைகளில் வருகிறான், ரசமட்டம் பார்ப்பது இப்போது அவன் வேலை. குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை யாரையும் உள்ளே விடமாட்டான்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாங்காதீர்கள். ஜனவரியில், மழையும் புழுக்கமும் சேர்ந்து இருக்கும்போது, ஒரு கேரவனை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஒரே இடத்தில் நிறுத்தி வாழ்ந்து பாருங்கள். கடற்கரை ஓரமாக வேண்டாம், சாதாரண இடமாக இருக்கட்டும். நாள்தோறும் சமைத்து, துணி துவைத்து, மருந்து எடுத்து, வங்கி வேலையும் பார்த்து, வழக்கமாக வீட்டில் செய்வதையெல்லாம் அதிலிருந்தே செய்யுங்கள். பதினைந்தாம் நாள் காலையில் கூடாரத்தை மடிக்க மனம் வரவில்லை என்றால், கேரவன் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடுங்கள். மூலைகளை அழுத்திப் பார்க்க நானும் வருகிறேன்.